பைலட் படிப்புக்கு ரூ.50 லட்சம் கடன்: வரிச் சலுகை இருக்கு... ஆனா கைக்கு வருமா?

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிச் செலவு அரைக் கோடியைத் தொடுவது சாதாரணம். "லோன் போடு, வட்டியை டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மைதான்.

சட்டம் என்ன தருது?

1961 வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவுப்படி, கல்விக் கடன் வட்டி முழுவதையும் வருமானத்தில் கழிக்கலாம். உச்சவரம்பு கிடையாது. பிளஸ் 2 முடித்த பிறகு படிக்கும் எந்தப் படிப்பும் இதில் அடங்கும். அதனால் காலேஜ் டிகிரிக்கும் பொருந்தும், விமானிப் பயிற்சிக்கும் பொருந்தும்.

ஆனால் கடன் வங்கி போன்ற நிதி நிறுவனத்திலோ, அங்கீகரிக்கப்பட்ட அறக்கட்டளையிலோ வாங்கியிருக்க வேண்டும். நிலத்தை விற்று ஃபீஸ் கட்டினாலோ, மாமாவிடம் வட்டிக்கு வாங்கினாலோ ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. அசலுக்கும் கழிவு இல்லை. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து 8 ஆண்டுகள்தான் சலுகை. சம்பளம் வருவதற்கு முன்பே வட்டி கட்ட ஆரம்பித்தால், அந்தக் கணக்கும் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸை 80சி-யில் பெற்றோர் காட்டலாம். ஆனால் பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்த்தே வரம்பு ரூ.1.5 லட்சம்தான்.

சிக்கல் எங்கே?

இந்த இரண்டு சலுகையுமே பழைய வரி முறையில் மட்டும்தான். ஒரு கணக்கு போடுவோம். சம்பளம் ரூ.18 லட்சம், ஆண்டு வட்டி ரூ.5.5 லட்சம், வேறு கழிவு இல்லை. 2025-26 நிதியாண்டு விகிதப்படி, வட்டியைக் கழித்த பிறகும் பழைய முறையில் வரி ரூ.1,79,400. எதையும் கழிக்காமல் புதிய முறைக்குப் போனால் ரூ.1,50,800. அதாவது, சலுகையைப் பயன்படுத்தினால் ரூ.28,600 நஷ்டம்! 80சி-யையும் முழுசாக நிரப்பினால்தான் பழைய முறை ரூ.18,200 லாபம் தரும்.

இதே வட்டியைப் புதிய முறையில் கழிக்க அனுமதித்தால்? வரிக்குரிய வருமானம் ரூ.11.75 லட்சம் ஆகும். ரூ.12 லட்சம் வரை வரி இல்லாததால், கட்ட வேண்டியது பூஜ்யம்.

இது நியாயமா?

வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை, அந்த வாடகை வருமானத்தில் கழிக்கப் புதிய முறையும் அனுமதிக்கிறது. வருமானம் வர வைக்கும் கடன் என்பதுதான் அதன் தர்க்கம். அப்படியென்றால் அந்தச் சம்பளத்தையே வர வைத்த படிப்புக்கு வாங்கிய கடன் மட்டும் என்ன பாவம் செய்தது? கல்விக் கடன் வட்டிக் கழிவைப் புதிய முறைக்கும் கொண்டுவர வேண்டும். வரம்பு வைத்தாவது கொடுக்கலாம்.

அதுவரை நாம செய்யக்கூடியது இதுதான்: பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி, இரண்டு முறையிலும் கணக்கு போட்டுப் பாருங்கள். "80இ இருக்கு" என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய முறையை டிக் பண்ணிடாதீங்க.