பிழைத்தவர் மட்டும்தான் கதை சொல்வார்

1/ நாய்க்கடியை வச்சு, நம்ம மூளை எப்படித் தப்புக்கணக்கு போடுதுன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான திரெட், கடைசி வரை படிங்க.

2/ நீலகிரி எஸ்டேட் லைன் வீடுகள்ல நாய் கடிச்சா, இன்னும் சிலர் தேடுறது சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, இல்லன்னா வேர் கட்டுறவர். "எங்க மாமாவுக்கு வேர்தான் கட்டுனோம். 20 வருஷமா நல்லாத்தான் இருக்காரு." சொல்றவங்க பொய் சொல்லல.

3/ ஆனா கடிக்கிற நாய் பலதுக்கு ரேபிஸே இருக்காது. இருந்தாலும், கடிபட்ட எல்லாருக்கும் நோய் வராது. கடிச்ச இடம், காயத்தோட ஆழம்னு பல விஷயம் இருக்கு. எதுவுமே கட்டாம விட்டிருந்தாலும் மாமா பிழைச்சிருக்கலாம். பேர் மட்டும் வேருக்குப் போயிடுச்சு.

4/ பிழைக்காதவர்? ரேபிஸ் அறிகுறி தெரிய பொதுவா 1 முதல் 3 மாசம் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட. அதுக்குள்ள காயம் ஆறி, கடியே மறந்துபோயிருக்கும். அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட 100% மரணம். அந்தச் சாவை யாரும் வேரோட கணக்குல எழுதுறதில்ல. செத்தவர் சாட்சி சொல்லவும் வரமாட்டார்.

5/ அடுத்தது கற்பனை. "தொப்புளைச் சுத்தி 14 ஊசி!" அந்தப் பழைய தடுப்பூசியை இந்தியாவுல நிறுத்தி 20 வருஷம் ஆச்சு. இப்போ கையில போடுற சின்ன ஊசி; 0, 3, 7, 28ஆம் நாள், அவ்ளோதான். ஆனா ஊசி கண்ணுக்குள்ள நிக்குது, வைரஸ் கண்ணுக்குத் தெரியறதில்ல. அதனால ஊசிதான் பெரிய ஆபத்தா தோணுது.

6/ இத்தனைக்கும் ரேபிஸ் தடுப்பூசிக்குன்னே 1907ல தொடங்கின பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நம்ம குன்னூர்லதான் இருக்கு!

7/ கிண்டல் பண்ணி யாரையும் மாத்த முடியாதுங்கிறது என் கருத்து. ஒரு கேள்வி போதும்: "வேர் கட்டியும் இறந்தவங்களை யாராவது எண்ணினாங்களா?" டாக்டர் "என் அனுபவத்துல இது கேக்கும்"னு சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்க. மருந்து கொடுத்தவங்களையும் கொடுக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி அதுக்குத்தான்.

8/ நாய் கடிச்சா, கீறினாக்கூட: ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தா இம்யூனோகுளோபுலினும் வேணுமான்னு கேளுங்க. மாமா கதையை அப்புறம் பேசிக்கலாம்.