வீட்டுப் பந்தியில் யாருக்கு இடமில்லை?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 11:17-34



கோடை விடுமுறையில் உங்களில் பலர் குடும்பத்தோடு பொருட்காட்சிக்குச் சென்றிருந்தீர்கள். நானும் வந்திருந்தேன். முகத்தை மறைக்குமளவு பெரிய டெல்லி அப்பளத்தைப் பிள்ளைகள் பிட்டுப் பிட்டுத் தின்றார்கள். பஞ்சு மிட்டாய் விரல்களில் ஒட்டியது. ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியைச் சுற்றிக் குடும்பமே நின்றது. முதல் பஜ்ஜியை ஊதி ஆற்றி மனைவியின் கையில் கொடுத்த கணவன்மாரையும் கண்டேன். மனம் மகிழ்ந்தது. அந்த மாலையைக் குறித்து எனக்குக் குறையேதும் இல்லை.

என் வழக்கு, அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமை இரவைக் குறித்தது.

அந்த இரவில் உங்கள் வீட்டில் நடந்தது என்ன? மகன் தட்டை எடுத்துக்கொண்டு கைப்பேசியோடு அறைக்குள் போனான். தகப்பன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபடி, தலையைத் திருப்பாமலே, இன்னொரு தோசை கேட்டார். தாய் கல்லின் முன் நின்றாள். எல்லாரும் உண்டு கை கழுவியபின், ஆறிப்போன கடைசித் தோசையை, சட்டியின் அடியில் எஞ்சிய சாம்பாரோடு, அடுப்பு மேடையருகே நின்றவாறே தின்று முடித்தாள். அவள் உண்டாளா என்று கேட்பார் இல்லை. ஆனால் கேட்டால், "எல்லாரும் வீட்டில்தான் சாப்பிட்டோம்" என்போம்.

திருவிருந்து ஞாயிறுகளில், அபாத்திரமாய்ப் பங்குபெறக் கூடாது என்ற எச்சரிப்பைக் கேட்கிறோம். உடனே நம் மறைவான பாவங்களையெல்லாம் எண்ணி நடுங்குகிறோம். நடுங்குவது நல்லதே. ஆயினும், அந்த எச்சரிப்பு எதன் நடுவே எழுந்தது என்பதை வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு உண்டார்கள், நிரம்பக் குடித்தார்கள், அதே பந்தியில் வேறு சிலர் பசியோடு இருந்தார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் கண்ட குற்றம் இது. அவர் இட்ட கட்டளையும் எளியது: உண்ணக் கூடிவரும்போது ஒருவர் வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

"ஐயா, அது சபைப் பந்தியைப் பற்றியது, பசித்தவன் வீட்டிலே உண்ணட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே" என்று வேதம் அறிந்த சகோதரர் ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆலயத்தில் முகமறியாத சகோதரிக்காகக் காத்திருக்கக் கடமைப்பட்டவன், வீட்டில் தன் மனைவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லையா? வாசற்படி தாண்டியதும் அவள் கிறிஸ்துவின் சரீரத்தில் அவயவம் அல்லாமற் போய்விடுகிறாளா?

"அவளே விரும்பித்தான் கடைசியில் சாப்பிடுகிறாள்" என்பது அடுத்த பதில். வேறு வழியே காட்டப்படாதவளின் வழக்கத்தை விருப்பம் என்று அழைக்காதீர்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கீரையும் முட்டையும் மீனும் மற்றவர் தட்டுகளில் முடிந்தபின் உண்ண அமருகிறவளின் உடலில் இரத்தம் எங்கிருந்து ஊறும்?

"எங்களுக்குச் சமையல் தெரியாது, பரிமாறத் தெரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அசனப் பண்டிகையில் உங்களைப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் விழித்திருந்து, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, கறிக்குழம்பு கிளறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்கிப் பந்தி பந்தியாக ஓடுகிறீர்கள். யார் இலையில் சோறு இல்லை என்று உங்கள் கண் தேடுகிறது. ஊராருக்குத் திறக்கும் அந்தக் கண், சொந்த வீட்டில் ஏன் மூடிக்கொள்கிறது?

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் செய்ததை நினையுங்கள். மரணத்தை வென்றவர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரா முழுவதும் உழைத்துக் களைத்த சீஷரை உண்ண அழைத்தார். அவர் கைக்குத் தாழ்வாகத் தோன்றாத வேலை, உங்கள் கைக்கும் என் கைக்கும் தாழ்வோ?

இனி, என் மீதுள்ள குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாயன்று பகுதி ஜெபக்கூட்டம், புதனன்று பாடகர் பயிற்சி, வெள்ளியன்று வேதபாடம். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் சகோதரிகள் அதன்பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். குடும்பங்களைச் சிதறடிப்பவன் சத்துரு என்று பிரசங்கித்த நானே அந்தக் கால அட்டவணையை எழுதினேன். என் வீட்டிலும், நான் உண்ணும்போது என் மனைவி எதிரே அமர்ந்து உண்ட வார நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கைவிரல்கள் போதுமாயிருந்தன. வெட்கப்பட்டேன். ஆகவே, வரும் மாதமுதல் செவ்வாய் இரவில் கூட்டம் எதுவும் வேண்டாம் என்று சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த இரவை வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். தோசையை ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். இட்லியானால் ஓர் ஈட்டில் எல்லாருக்கும் வெந்துவிடும். தகப்பன் சட்னி அரைக்கட்டும். மகன் தட்டு வைக்கட்டும், மகள் மட்டுமல்ல. கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டிலுள்ள எல்லாரும் அமர்ந்தபின் அல்லாமல், உணவுக்கான நன்றி ஜெபத்தைத் தொடங்காதீர்கள். சமைத்தவள் நின்றுகொண்டிருக்கையில் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம் பாதி ஸ்தோத்திரமே.

ஜெபம்: எங்கள் பந்தியின் எஜமானரே, எங்களுக்குப் பரிமாறிக் களைத்தவர்களை நாங்கள் காணாதிருந்ததை மன்னியும். அவர்களுக்காகக் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.