சராசரி வேக கேமரா: ‘கொஞ்சம்தானே கூடுச்சு’ என்றால் விடுவார்களா?

பிரிட்டனில் மோட்டார்வே பராமரிப்பு வேலை நடக்கும் இடங்களில் மஞ்சள் கேமராக்கள் வரிசையாக நிற்கும. ஒன்று நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். சில மைல் தாண்டி அடுத்தது மறுபடி படிக்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். கேமராவைப் பார்த்ததும் பிரேக் பிடிச்சு, தாண்டினதும் மிதிக்கிற பழைய வித்தை இங்கே எடுபடாது.

‘வரம்பு 50 மைல்னா 57 வரைக்கும் கண்டுக்க மாட்டாங்க’ என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? வரம்புக்கு மேல் 10 சதவீதம், கூடவே 2 மைல் போனால் நடவடிக்கை எடுக்கலாம் என்பது போலீஸ் உயரதிகாரிகள் அமைப்பின் வழிகாட்டுதல். அது சட்டம் இல்லை. 51-ல் போனாலும் குற்றம்தான். வழக்கமான தண்டனை 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 புள்ளிகள். மூன்றே ஆண்டில் 12 சேர்ந்தால் வண்டி ஓட்டவே தடை வரலாம்.

‘மீட்டர் தப்பா காட்டுச்சு’ என்பதும் செல்லாது. உண்மை வேகத்தைவிடக் குறைவாக மீட்டர் காட்டக் கூடாது என்பது விதி. பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

சரி, லாபம்தான் என்ன? 10 மைலை 50-ல் கடக்க 12 நிமிடம். 55-ல் போனால் மிச்சம் ஒரு நிமிடம் சொச்சம். பாதித் தூரம் 60-ல் பறந்துட்டு அப்புறம் ஈடுகட்டலாம் என்றால், மீதியை 43-க்கும் கீழே உருட்டணும். பின்னால் லாரி வரும். தடுப்புக்கு அந்தப் பக்கம், சில அடி தூரத்தில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.