தீவிர கொரோனாவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தருமா? பணம் கேட்டால் கொடுக்கலாமா?

வைரஸ் தொற்று முற்றி ஒருவர் வெண்டிலேட்டரில் இருக்கும்போது, "ஸ்டெம் செல் ஏத்துனா பிழைச்சுக்குவார்" என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்கவும் குடும்பம் தயங்காது. திமிரியோ, ஆற்காடோ, ஆம்பூரோ, எந்த ஊராக இருந்தாலும் இதுதான் நிலை. அந்தப் பேச்சை எவ்வளவு நம்பலாம்?

ஸ்டெம் செல் என்ன செய்யும்?

தீவிர கொரோனாவில் உடலின் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி நுரையீரலைப் பாதிக்கும். காற்றுப்பைகளில் நீர் கோத்து மூச்சு திணறும். எலும்பு மஜ்ஜை, தொப்புள் கொடி போன்றவற்றில் இருந்து எடுக்கும் 'மீசென்கைமல்' செல்கள் இந்த அழற்சியைத் தணிக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அவை புது நுரையீரலாக வளர்வதில்லை.

சோதனை முடிவுகள் என்ன?

அமெரிக்காவின் மியாமி பல்கலைக்கழகம் 24 பேரிடம் சோதித்தது. ஒரு மாதத்தில், செல் ஏற்றிய குழுவில் 91% பேர் உயிரோடு இருந்தனர். மற்ற குழுவில் 42%. 2021 ஜனவரியில் இது பெரிய செய்தியானது.

ஆனால், மீசோபிளாஸ்ட் நிறுவனம் 300 வெண்டிலேட்டர் நோயாளிகளிடம் நடத்தத் திட்டமிட்ட சோதனையில், இறப்பைக் குறைக்கும் வாய்ப்பு இல்லை என்று இடைக்கால ஆய்வு சொன்னது. 2020 டிசம்பரில் ஆள் சேர்ப்பு நின்றது.

ஏன் இந்த முரண்?

24 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினாலே சதவீதம் பெரிய அளவில் மாறிடும். அதேநேரம், மீசோபிளாஸ்டின் அதே செல் மருந்துக்கு, மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் சிறுவர்களுக்கு வரும் ஒரு சிக்கலுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒரு நோய்க்குக் கேட்கும் மருந்து இன்னொரு நோய்க்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

கொரோனாவில் நிரூபித்துக் காட்டியது, விலை மலிவான டெக்ஸாமெத்தசோன். வெண்டிலேட்டர் நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020-ல் பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை காட்டியது.

வேலூரில் நடப்பது என்ன?

வேலூர் சிஎம்சி-யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்த நோய்களுக்கான இது, நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேரின் சொந்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்து இங்கு நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. அதுவும் முறைப்படி அனுமதி பெற்ற சோதனைதான்.

பணம் கேட்டால்?

ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி, நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற சோதனையில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. சோதனை என்று சொன்னால், சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்க. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. எண் தராமல் பில் மட்டும் நீட்டினால், நகையை அடகு வைக்க வேண்டாம்.