கோணல் மரமும் நாற்காலியாகும்

பழைய மரக் கலப்பையைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் வளைவு செதுக்கி உண்டாக்கியதன்று. கருவேல மரத்தில் இயற்கையாகவே வளைந்த பகுதியைத் தேடி வெட்டினார் தச்சர். ஏன் தெரியுமா? மரம் என்பது நார்களின் கட்டு. நேரான கட்டையை வளைவாகச் செதுக்கினால் நார்கள் அறுபடும். அந்த இடத்திலேயே கட்டை முறியும். தானாக வளைந்த கிளையிலோ நாரும் வளைவோடு சேர்ந்து ஓடுகிறது. மரத்தின் குணம் முதலில், வடிவம் பிறகு என்பதை அந்தத் தச்சர் அறிந்திருந்தார்.

இன்று நாம் தலைகீழாக நடக்கிறோம். முதலில் படம் வரைகிறோம். பிறகு அதற்கேற்ற நீண்ட, நேரான மரம் வேண்டுமென்று கடல் கடந்து வரும் தேக்கை வாங்குகிறோம். பக்கத்தில் கிடைப்பதையோ எரிக்கிறோம். இராமநாதபுரம் மாவட்டத்துச் சீமைக்கருவேல் இதற்குச் சான்று. பெயர் ஒத்திருந்தாலும் இது கலப்பைக் கருவேல் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இங்கே பெரும்பாலும் விறகாகவும் கரியாகவுமே முடிகிறது.

அவ்வளவு மட்டமான மரமா அது? மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் மிகச் சொற்பமே. 30 செ.மீ. அகலமுள்ள பலகை 5 சதவீதம் சுருங்கினால் 1.5 செ.மீ. குறைந்துவிடும். மேசைப் பலகை வெடிப்பது இதனால்தான். சீமைக்கருவேலின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம் தேக்கைவிடக் குறைவாகவே சுருங்குகிறது. டெக்சாஸில் அதைத் தரைப்பலகையாகப் பதிக்கிறார்கள். அர்ஜென்டினாவில் மற்றோர் உறவு மரத்தில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். நம் ஊர் மரமும் கடினமானது. அதன் வைரம் செம்பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும்.

குறைகளும் உண்டு. தண்டு குட்டை, கோணல். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியை வண்டு துளைக்கும். எனவே கட்டிலுக்கு நீளச் சட்டம் கேட்டால் அது தராது. முக்காலி, சிறு பலகைகளை இணைத்த மேசை, உளிப்பிடி, சட்டகம் ஆகியவற்றைக் கேட்டால் தரும். வளைந்த கிளை நாற்காலியின் கைப்பிடியாகட்டும்!

"இந்த மரத்தை வளர்க்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் அடைத்துக்கொண்ட மரம் அது, அகற்றத்தான் வேண்டும். வெட்டியதில் பருத்த கட்டைகளைக் கரிமூட்டத்துக்கு அனுப்புமுன் தச்சரிடம் காட்டுங்கள் என்பதே என் வாதம். எரித்தால் அதிலுள்ள கார்பன் உடனே காற்றில் கலக்கும். நாற்காலியானால் பல ஆண்டுகள் மரத்திலேயே தங்கும். உள்ளூர்த் தச்சருக்கும் வேலை கிடைக்கும்.

நீங்கள் ஒன்று செய்யலாம். புதிதாக வெட்டிய பருத்த கிளைகளிலிருந்து, வேம்பில் ஒன்று, பூவரசில் ஒன்று, சீமைக்கருவேலில் ஒன்று என வட்ட வில்லைகளைப் பெரியவர்களைக் கொண்டு அறுத்து வாங்குங்கள். நிழலில் உலர்த்தி, வாரந்தோறும் குறுக்களவை அளந்து எழுதுங்கள். எது அதிகம் சுருங்குகிறது? எது வெடிக்கிறது? விடை கிடைத்த பிறகு, உங்கள் பள்ளிக்கு ஒரு முக்காலியின் படம் வரையுங்கள்.