தொட்டுக்கொள்ள ஏதுமில்லாமல்



அடிக்கடி காய்ச்சலில் படுக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறோம். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால், எதிர்ப்பு சக்திக்குக் குறையில்லை என்று மனம் ஆறிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அந்த ஆறுதல் பொய்.

1952-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன் 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நிமோனியா கிருமி அவன் ரத்தத்தில் திரும்பத் திரும்பப் புகுந்துகொண்டே இருந்தது. ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தால், ஆன்டிபாடிகள் இருக்க வேண்டிய காமா குளோபுலின் பகுதியையே காணோம்! அதை மாதந்தோறும் ஊசியாகப் போட்ட பிறகுதான் பிள்ளை தேறினான்.

ஆன்டிபாடியைத் தயாரிக்கும் 'பி' அணுக்கள், புரூட்டன் பெயரால் வழங்கும் இந்த நோயில் முதிர்வதில்லை. கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. ஆனால் நிமோனியா கிருமியைச் சுற்றி வழுக்கும் சர்க்கரைப் போர்வை. அதன்மேல் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால்தான் நியூட்ரோஃபிலுக்குப் பிடி கிடைக்கும். 1903-ல் லண்டனில் ரைட், டக்ளஸ் இருவரும் ரத்தநீரில் இருக்கும் இந்த உதவிப் பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று பெயரிட்டார்கள். அதன் கிரேக்க வேருக்கு, ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் கறி என்று பொருள். எத்தனை பொருத்தம்! தட்டில் சோறு இருக்கிறது, தொட்டுக்கொள்ளத்தான் ஏதுமில்லை.

இதே பிள்ளைகள் தட்டம்மையிலிருந்து பொதுவாக எல்லாரையும்போல மீண்டுவிடுகிறார்கள். அங்கே போராடுவது 'டி' அணுக்கள். அவற்றுக்குப் பழுதில்லை.

இன்றும் சிகிச்சை புரூட்டன் காட்டிய வழிதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்த ஆன்டிபாடிகளை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேரின் கொடையில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இதை எழுதும்போதே நெஞ்சு நெகிழ்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்து ஆறு மாதம் வரை தாயின் ஆன்டிபாடி காக்கும். அதன்பின் ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தாலோ, காதில் அடிக்கடி சீழ் வடிந்தாலோ, "இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அளவையும் பார்க்கலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். புரூட்டன் நோய் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தாய்மாமன் யாரேனும் சிறுவயதில் இப்படி நோயுற்று இறந்திருந்தால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்