மறுபிறவி எடுத்த கார்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் கார் வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது அதை எங்கே நிறுத்துவது என்பதைத்தான். அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் பகுதி அது. இருந்தும் ஆசை விடுவதில்லை. புதுக் காரின் விலை எட்டு, பத்து லட்சம் என்று எகிறிவிட்டதால் நடுத்தரக் குடும்பத்தின் பார்வை செகண்ட் ஹாண்ட் வண்டிகள் பக்கம் திரும்புகிறது. இப்படித் தேடுபவர் முன்னால் என்றாவது ஒரு நாள் அந்த வண்டி வந்து நிற்கும். சந்தையில் ரூ. 5 லட்சம் பெறும். புரோக்கர் கேட்பதோ ரூ. 3.75 லட்சம்தான். “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்.” (பழைய கார் சந்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் காரே ஓட்டுவதில்லை என்று தோன்றும்.) பெயிண்ட் பளபளக்கிறது, ஏ.சி. குளிர்கிறது, ஆர்.சி. சுத்தமாக இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றேகால் லட்சம் குறைவு?

அமெரிக்காவாக இருந்தால் இதற்கான விடை பெரும்பாலும் உரிமைப் பத்திரத்திலேயே இருக்கும். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, ‘இனி தேறாது’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவிய காரின் பத்திரத்தில் ‘சால்வேஜ்’ என்ற முத்திரை விழும். பழுது பார்த்து, சோதனையில் தேறி மீண்டும் சாலைக்கு வந்தாலும் ‘மறுபடி கட்டப்பட்டது’ என்ற வேறொரு முத்திரை அதைத் தொடரும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து இத்தகைய வண்டிகளுக்கு எழுத்து வகைகள் உண்டு: உடற்கட்டமைப்பு அடிபட்டிருந்தால் ‘எஸ்’, அடிபடாமல் மற்ற சேதம் மட்டும் என்றால் ‘என்’. அங்கெல்லாம் தில்லுமுல்லு இல்லை என்பதல்ல. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த பிறகு, வெள்ளத்தில் ஊறிய கார்களை விதிகள் தளர்வாக உள்ள மாநிலங்களுக்குக் கொண்டுபோய் முத்திரையைக் கழுவி விற்ற கதைகள் ஏராளம். ஆனால் கழுவுவதற்காவது அங்கே ஒரு முத்திரை இருந்தது.

இந்திய ஆர்.சி.யில் அப்படி ஒரு வரியே கிடையாது. கடன் பாக்கி இருந்தால் தெரியும், எத்தனையாவது உரிமையாளர் என்பது தெரியும். கார் ஒரு முறை ‘செத்துப் பிழைத்தது’ என்பது மட்டும் தெரியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, அழிந்துபோன அல்லது நிரந்தரமாக உபயோகிக்க முடியாமல் போன வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவித்தால் பதிவு ரத்தாகும். ஆனால் இன்ஷூரன்ஸ் பாஷையில் ‘டோட்டல் லாஸ்’ ஆன வண்டி எல்லாமே நிரந்தரமாக உபயோகமற்றுப் போனவை அல்ல. சில சமயம் ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்று கம்பெனியே சொல்வதுண்டு. ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே வண்டி கைமாறுவதும் உண்டு. அந்த ஆர்.சி.க்குத்தான் விலை.

கணக்கு இப்படிப் போகிறது. ஒவ்வொரு பாலிசியிலும் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். அதாவது அந்த வருடத்துக்கு அந்தக் காரின் மதிப்பு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. மீட்புச் செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு நஷ்டமாகக் கருதப்படும். ஐ.டி.வி. ரூ. 5 லட்சம், கம்பெனி ஒர்க்ஷாப் போட்ட எஸ்டிமேட் ரூ. 4.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வண்டி அங்கேயே முடிந்தது. உரிமையாளருக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கிடைக்கிறது. உடைந்த கார் ஏலத்துக்குப் போகிறது. ரூ. 1.4 லட்சத்துக்கு அதை எடுப்பவர், பழைய உதிரி பாகங்களைக் கொண்டு ரூ. 1.2 லட்சத்தில் ஒட்டி முடிக்கிறார். சென்னைக்குப் புதுப்பேட்டை என்றால் பெங்களூருக்கு சிவாஜி நகர். கிடைக்காத பாகம் இல்லை. மொத்த முதலீடு ரூ. 2.6 லட்சம். கேட்கும் விலை ரூ. 3.75 லட்சம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, வாங்குபவரிடம் மறைக்காத வரை.

ஆக, ‘டோட்டல் லாஸ்’ என்பது மரணச் சான்றிதழ் அல்ல, வெறும் வகுத்தல் கணக்கு. பத்து வயதான கார், ஐ.டி.வி. ரூ. 1.5 லட்சம் என்றால் ரூ. 1,12,500-ஐத் தாண்டும் எஸ்டிமேட்டே அதைக் கொன்றுவிடும். பானெட், பம்பர், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், விரிந்துபோன இரண்டு ஏர்பேக் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டால் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். சட்டகத்தில் ஒரு கோணல்கூட இல்லாமலேயே கார் ‘செத்து’விடலாம். திருடு போய், இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு அகப்பட்ட கார்களும் உண்டு. இவற்றில் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையிலேயே லாபம் பார்க்கலாம். முத்திரை இருக்கும் நாடுகளில் இந்த வண்டிகளுக்கென்றே வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். தெரிந்து வாங்குகிறார்கள், தெரிந்தே குறைந்த விலை கொடுக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு ஜாதி. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் நின்ற கார்கள் அப்படியே தண்ணீருக்குள் போயின. பெங்களூரின் முறை 2022-ல் வந்தது. செப்டம்பர் 4 இரவு தொடங்கிக் கொட்டிய மழையில் பெல்லந்தூர், யமலூர் பக்கத்துப் பணக்கார வீடுகளின் வாசலில் விலை உயர்ந்த கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன, ஐ.டி. கம்பெனி ஊழியர்கள் டிராக்டர் ஏறி வேலைக்குப் போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் சென்னை. இப்படி நனைந்த வண்டிகள் ஏலம் வழியாக எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. ஊர் மாறினால் அடையாளம் மறைவது சுலபம். தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று பெற்றுக் கர்நாடகத்தில் மறுபதிவு செய்துவிட்டால், கே.ஏ. 03 நம்பர் பலகை தாங்கி இந்திரா நகரில் ஓடும் வண்டி அடையாற்றில் குளித்தது என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் செய்யும் வேலை மெதுவாகத்தான் வெளியே வரும். நீரில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகும். காற்றை அமுக்கப் பழகிய பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இந்தச் சேதத்தை ‘விளைவாக வந்தது’ என்று சொல்லி, என்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பிரிமியம் கட்டாதவர்களுக்குக் கம்பெனிகள் கைவிரிப்பது வழக்கம். அப்படிக் கைவிரிக்கப்பட்டவரின் கார் ‘டோட்டல் லாஸ்’ கணக்கிலேயே வராது, நேராகச் சந்தைக்கு வரும். என்ஜினையாவது மாற்றிவிடலாம். கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடும் ஒயரிங்கின் இணைப்புகளில் பச்சை பூப்பது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தெரியும். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. அது ஒரு முறை மூழ்கினால் வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் என்று எந்த மெக்கானிக்கும் சத்தியம் செய்ய முடியாது. கழுத்தளவு நீரில் நின்றது தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம் என்பதே சரியான முடிவு.

தெரிந்துகொள்வது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் போதும் என்பார்கள் அனுபவசாலிகள். கழுவுபவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கூரையைக் கழுவுவார்கள்; சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் கடைசி இரண்டடியைக் கழுவ மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஆவி, எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கைத் துளைக்கும் சென்ட் வாசனை.

அடிபட்ட கார் வேறு தடயங்களை விட்டுச் செல்கிறது. பானெட், கதவு போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கும். கண்ணாடிகளில் அச்சிட்ட தயாரிப்பு வருடம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. பெயிண்ட் கனத்தை அளக்கும் சிறு கருவி வைத்துப் பார்த்தால் தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் காட்டும். பட்டி போட்டு இழைத்த இடத்தில் எண் பல மடங்காக ஏறும். பம்பரில், கதவில் இருந்தால் பேரம் பேசலாம். கூரையைத் தாங்கும் தூண்களிலும், என்ஜினைத் தாங்கும் முன் சட்டங்களிலும் வெல்டிங் தழும்பு இருந்தால் பேச ஒன்றுமில்லை. அம்பாசடர் காலத்து டிங்கர் சுத்தியலால் எதையும் நிமிர்த்தினார். இன்றைய கார்களின் முன்பகுதி மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. தூண்கள் உயர் வலிமை எஃகு. அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கிறார்கள். வேறொரு விளக்கின் ஒயரோடு அதை முடிச்சுப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு என்பதால் கம்பெனி ஸ்கேனரில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும் விட நிறையப் பேசுவது பழைய பாலிசிகள்தான். க்ளெய்ம் செய்யாத உரிமையாளருக்கு நோ க்ளெய்ம் போனஸ் வருடாவருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே கையில் ஐந்து வருடம் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டிக்குப் போனஸ் பூஜ்யம் என்றால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. (போனஸ் ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல, கைமாறிய வண்டிக்குப் பூஜ்யத்தில் தொடங்குவது இயல்பு.) பாலிசியில் நான்கு மாதம், ஐந்து மாதம் இடைவெளி விழுந்திருந்தால் அந்த மாதங்களில் கார் எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். “பழைய பாலிசி எதுக்கு சார், வண்டியைப் பாருங்க” என்ற பதில் வந்தால் அதுவே போதுமான பதில்.

இதில் இன்னொரு அபாயம் இருக்கிறது. அது பணத்தோடு போவதில்லை. நொறுங்கிய காரை ஏலத்தில் எடுக்கும் எல்லோருக்கும் கார் வேண்டியதில்லை, சிலருக்கு ஆர்.சி. மட்டும் போதும். அதே மாடல், அதே நிறக் காரைத் திருடி, நொறுங்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரை அதில் பதித்துவிட்டால் திருட்டு வண்டிக்கு அசல் காகிதம் கிடைத்துவிடுகிறது. 2020-ல் லக்னோ போலீசார் பிடித்த கும்பல் ஒன்று செய்தது இதைத்தான். இத்தகைய காரைத் தெரியாமல் வாங்கியவரிடமிருந்து போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போகும். பணத்துக்கு அவர் புரோக்கரைத் தேட வேண்டியதுதான். சேஸிஸ் எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் உலோகம் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய அரசு விதிகளின்படி, பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததும் அவரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். தெருமுனைப் புரோக்கருக்கும் இவருக்கும் இதுதான் வித்தியாசம்: பிரச்னை வந்தால் டீலர் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். தனி நபரிடம் நேரடியாக வாங்கியவருக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை, சிவில் கோர்ட்டுதான்.

விற்பவர் ஒளிக்காமல் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். உடைந்த நிலையில் எடுத்த போட்டோ, சர்வேயர் அறிக்கை, ரிப்பேர் பில்கள் மூன்றும் இருக்கின்றன, சட்டகம் அடிபடவில்லை, புது ஏர்பேக் போட்டதற்கு ரசீது இருக்கிறது. அப்போது வாங்கலாம், ஆனால் சந்தை விலையில் கால்வாசிக் குறைவு போதாது. நல்ல கார் ஐந்து லட்சம் என்றால் இதற்கு மூன்றைத் தாண்டிப் பேசக்கூடாது. ஏனென்றால் வாங்கியவர் பின்னால் இதை விற்கப் போகும்போது இதே கேள்விகள் அவரிடம் கேட்கப்படும். இன்ஷூரன்சிலும் இடிக்கும்: பாலிசி விட்டுப்போன வண்டியைக் கம்பெனி நேரில் பார்த்த பிறகே முழுப் பாலிசி தரும், ஐ.டி.வி.யைக் குறைக்கலாம், மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணைச் சொல்லி இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் கேட்டுவிட வேண்டும். வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு. விற்பவர் கையெழுத்திட்ட 29, 30-ம் எண் படிவங்கள் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்கக்கூடாது.